இன்னாசியாள் இல்லாத சிலுவைத்துறை

சிலுவைத்துறைப் பங்கு ஆலயத்தின் பதிவேட்டு அறையில் பெலிசிட்டா வேலைக்கு உட்கார்ந்து நாற்பது நாள் ஆகியிருந்தபோது, ஒரு காலையில் டெல்பின் வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சேலைக்கு மேல் காக்கிச் சட்டை. வயது அறுபத்தொன்று. ஊரில் முப்பது வருஷமாக மீன் லோடு ஆட்டோ ஓட்டுகிறவள். கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த பட்டியலைத் தன் கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருந்தாள். அதில் தன் பெயரைப் பெரிதாக்கிக் காட்டினாள். பெயருக்கு நேரே சைபர் இருந்தது.

“சண்டைக்கு வரல டாக்டரம்மா. வீடு கேட்டும் வரல. எனக்கு எதுக்குச் சைபர் போட்டிருக்குன்னு தெரிஞ்சிட்டுப் போலாம்னு வந்தேன்” என்றாள்.

பதினோரு வருஷத்தில் பெலிசிட்டா லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்கு எண் போட்டிருக்கிறாள். யாரும் வந்து கேட்டதில்லை. அவர்கள் எல்லோரும் செத்துப்போனவர்கள்.

அவளுடைய வேலையே அதுதான். கடற்கரைக் கோயில்களில் முன்னூறு வருஷத்துக்குப் பதிவேடுகள் கிடக்கின்றன. யார் எப்போது ஞானஸ்நானம் பெற்றார், யாரைக் கட்டினார், எப்போது மண்ணுக்குள் போனார் என்று ஒவ்வொரு சாமியாரும் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்தப் பக்கங்களையும், இன்று உயிரோடு இருப்பவர்களின் எச்சிலில் இருந்து எடுத்த மரபுத் தகவலையும் ஒன்றோடொன்று கோத்து, இறந்துபோன ஒவ்வொருவரிடமிருந்தும் இன்றைக்கு எத்தனை பேர் மிச்சம் இருக்கிறார்கள் என்று சொல்லும் முறையை அவள் உண்டாக்கியிருந்தாள். உயிரியலில் இதற்குத் தகுதி என்று பெயர். பலமோ அறிவோ நல்ல குணமோ அந்தச் சொல்லில் சேராது. மிஞ்சியது எவ்வளவு என்பது மட்டுமே அதற்குப் பொருள். பிள்ளைகளை மட்டும் எண்ணினால் ஏமாந்துபோவோம் என்பதை முதலில் காட்டியவளும் அவள்தான். பதினொரு பிள்ளை பெற்ற ஒருவனுக்கு மூன்றாம் தலைமுறையில் ஒருவரும் இல்லை. ஒரே ஒரு மகளைப் பெற்றுவிட்டுச் செத்த ஒருத்திக்கு இன்று இரண்டாயிரம் பேர். ஆகவே தலைமுறை தலைமுறையாகப் பின்தொடர்ந்து எண்ண வேண்டும். அந்தக் கட்டுரைக்குப் பரிசுகள் வந்தன. பரிசுகளுக்குப் பிறகு கரையோர மறுகுடியமர்வு ஆணையம் வந்தது.

கடல் அதற்குள் சிலுவைத்துறையில் இரண்டு தெருக்களை எடுத்துக்கொண்டிருந்தது. இப்படி இருபத்தாறு ஊர்கள். உள்நாட்டில் முன்பு கட்டிக்கொடுத்த மூன்று புதுநகர்கள் ஒரே தலைமுறையில் காலியாகிவிட்டன. குடியேறியவர்களின் பிள்ளைகள் பட்டணங்களுக்குப் போய்விட்டார்கள். பூட்டிய வீடுகள்தான் மிச்சம். இந்தத் தடவை எந்தக் குடும்பம் வேர் பிடித்து நிற்கும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள ஆணையம் விரும்பியது. சிலுவைத்துறையில் இருப்பது ஒன்பதாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பேர். மலையடிவாரத்தில் கட்டிய புதுத்துறை நகரில் ஆயிரத்து எண்ணூறு வீடுகள். எண்ணில் பின்தங்கிய மீதி ஆட்களுக்கு நூற்று நாற்பது கிலோமீட்டர் தள்ளி, செம்மண்காடு என்ற இடத்தில் பொது முகாம். இறந்தவர்களை அளந்த அளவுகோலைக் கொஞ்சம் திருப்பி, இருக்கிறவர்கள் மேல் வைத்துத் தரச் சொன்னார்கள். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். தான் செய்யாவிட்டால் வேறு யாராவது அரைகுறையாகச் செய்வார்கள், தான் செய்தால் பிழை இல்லாமலாவது இருக்கும் என்று நினைத்து ஒத்துக்கொண்டாள்.

இதையெல்லாம் டெல்பினுக்குப் புரிகிற மாதிரி சொல்ல அரைமணி நேரம் ஆனது. டெல்பின் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

“அப்போ, செத்தவங்களுக்குப் பாத்த கணக்க உசுரோட இருக்கவங்களுக்குப் பாத்திருக்கீங்க.”

“ஆமாக்கா.”

“எனக்குப் பிள்ள இல்ல. அதனால சைபரு.”

“ஆமா.”

“ஒங்களுக்கு என்ன நம்பரு?”

இதையும் இதுவரை யாரும் கேட்டதில்லை. “எனக்கும் சைபர்தான்க்கா. நான் கல்யாணம் பண்ணிக்கல” என்றாள் பெலிசிட்டா. மத்தியானம் எங்கே சாப்பிடுகிறீர்கள் என்று டெல்பின் கேட்டாள்.

பெலிசிட்டாவுக்கு வயது ஐம்பத்து நான்கு. சென்னையில் ஒன்பதாவது மாடியில் குடியிருப்பு. வெள்ளிக்கிழமை மாலை ஆய்வகத்தைப் பூட்டிவிட்டு வந்தால் திங்கட்கிழமை காலை வரை ஒரு வார்த்தை பேசாமல் இருக்கும் வாரங்கள் உண்டு. திங்கட்கிழமை முதல் வணக்கம் சொல்லும்போது தொண்டை கரகரத்து வரும். அதை அவள் ஒரு குறையாக நினைத்ததில்லை. பழகிப்போயிருந்தது.

அன்று மத்தியானம் ஐஸ் பேக்டரிக்குப் பின்னால் இருந்த வீட்டில் அவள் சாப்பிட்டாள். அங்கே சுகந்தி இருந்தாள். டெல்பினைவிட ஐந்து வயது மூத்தவள். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்து ஓய்வு பெற்றவள். கண்ணில் நீர் அழுத்தம் ஏறி ஒரு கண் முழுதும் போய்விட்டது, இன்னொன்றில் நிழல் மாதிரி உருவங்கள் தெரியும். டெல்பினுக்கு இருபது வயதில் கல்யாணம் ஆகி, எட்டாம் மாதம் புருஷன் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. சுகந்திக்குக் கல்யாணமே ஆகவில்லை. முப்பத்திரண்டு வருஷமாக இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். ஊரில் ‘ஐஸ் பேக்டரி வீட்டு அக்காமாரு’ என்றால் எல்லோருக்கும் தெரியும். அவர்கள் ஒருவருக்கொருவர் என்ன என்று ஊர் கேட்டதில்லை. பெலிசிட்டாவும் கேட்கவில்லை.

அந்த வீட்டில் பேச்சு நிற்பதே இல்லை என்பதைத்தான் அவள் முதலில் கவனித்தாள். டெல்பின் தான் பார்ப்பதையெல்லாம் வாயால் சொல்லிக்கொண்டே இருந்தாள். சோற்றுக்கு வலது பக்கம் விளமீன், முள் எடுத்தாயிற்று. எதிர்வீட்டுக்காரி பச்சைச் சேலை கட்டிக்கொண்டு போகிறாள். கடல் இன்றைக்குப் பழுப்பாகக் கிடக்கிறது. சுகந்தி அதைக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டாள். இடையிடையே பச்சை எப்படிப்பட்ட பச்சை என்று விவரம் கேட்டாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பெலிசிட்டா அங்கே போனாள். செம்மண்காட்டுக்குப் போவதைப் பற்றி அவர்கள் பெரிதாகக் கவலைப்படவில்லை. இருவர் பெயரும் ஒரே கொட்டகையில், அடுத்தடுத்த கட்டிலில் போட்டிருந்தது. கவலைப்பட்டது பெலிசிட்டாதான். பலகையில் அந்தச் சைபர் ஒட்டிய நாளிலிருந்து பால்கூட்டுறவுக் கடையில் டெல்பினைக் கடைசியாகக் கவனித்தார்கள். வண்டிக்கு வாடிக்கையாக வந்தவர்கள் வேறு வண்டிக்குப் போனார்கள். பிள்ளை இல்லாதவர்கள் ஊரில் இருநூற்று அறுபது பேர். இவ்வளவு நாளும் அவர்கள் மற்றவர்களோடு மற்றவர்களாக இருந்தார்கள். இப்போது அவர்களுக்கு ஒரு பெயர் வந்துவிட்டது. ‘முடிஞ்ச கிளை’ என்று பட்டியலின் அடிக்குறிப்பில் இருந்த சொல்லையே ஊர் எடுத்துக்கொண்டது. அந்தச் சொல்லைப் போட்டவள் பெலிசிட்டா.

தான் போட்ட சொல்லைத் தானே எடுக்க வேண்டும் என்று அவள் பழைய பதிவேடுகளுக்குத் திரும்பினாள். அங்கேதான் இன்னாசியாளைக் கண்டாள்.

ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தொன்றில் ஞானஸ்நானம். பத்தொன்பது வயதில் கைம்பெண். பிள்ளை இல்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து மூன்றில் அடக்கம். எண் சைபர். கணினி அவளைப் பத்து வருஷத்துக்கு முன்பே கழித்துவிட்டிருந்தது. ஆனால் அந்தப் பெயர் ஓரங்களில் திரும்பத் திரும்ப வந்தது. பத்தொன்பது பிள்ளைகளுக்கு ஞானத்தாய் அவள். தாது வருஷப் பஞ்சமும் அதன் பின்னால் வந்த பேதியும் ஊரைத் துடைத்தெடுத்த பிறகு, குடும்பப் பதிவேட்டில் தாய் தகப்பன் இல்லாத பதின்மூன்று பிள்ளைகளின் பெயருக்குப் பக்கத்தில் அந்தக் காலத்துச் சாமியார் சிறிய எழுத்தில் ‘இன்னாசியாள் வீட்டில்’ என்று எழுதியிருந்தார். பதின்மூன்றில் பதினொன்று வளர்ந்து ஆளாயின. ஒன்பது பேர் கல்யாணம் செய்தார்கள்.

பெலிசிட்டா செய்தது எளிமையானது. கணினியில் முழு ஊரும் இருந்தது. அதிலிருந்து இன்னாசியாளை மட்டும் எடுத்துவிட்டு, காலத்தை மறுபடி ஓடவிட்டாள். பக்கத்து ஊர்களில் அந்தப் பஞ்சத்தில் அநாதையாகி, எடுத்து வளர்க்க ஆள் இல்லாமல் போன பிள்ளைகளில் பத்துக்கு எட்டு இறந்திருந்தன. அந்த வீதத்தையே இந்தப் பதின்மூன்று பேருக்கும் வைத்தாள். நூற்றுத் தொண்ணூறு வருஷங்கள் இருபது நிமிஷத்தில் ஓடி முடிந்தன. ஒன்பதாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஆறாயிரத்துச் சொச்சம் பேர் இருந்தார்கள். மூவாயிரத்து நூற்று நாற்பது பேர் பிறக்கவே இல்லை. இப்போதைய பங்குத்தந்தை இல்லை. ஐஸ் பேக்டரி முதலாளி இல்லை. பெலிசிட்டா பெயர்களைக் கீழே நகர்த்திக்கொண்டே போனாள். சுகந்தி இல்லை.

அதோடு விடாமல், வேறு நாற்பது சைபர்க்காரர்களை ஒவ்வொருவராக எடுத்துப் பார்த்தாள். எல்லோரும் இன்னாசியாள் அல்ல. சிலரை எடுத்தால் ஒன்றும் மாறவில்லை. ஆனால் மொத்தமாகப் பார்த்தபோது, பிள்ளை இல்லாதவர்கள் கொஞ்சம் அதிகமாக இருந்த ஊர்களே பஞ்சத்தைத் தாண்டியிருந்தன. தனி ஆளுக்குச் சைபர் என்றது ஊருக்குச் சைபர் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் இதைச் சொன்னாள். அவள் குரல் அவ்வளவு உயர்ந்து அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. டெல்பின், தான் ஓட்டுகிற வண்டியில் இனிமேல் இன்னாசியாள் என்று பெயர் எழுதிவிடப் போவதாகச் சொல்லிச் சிரித்தாள்.

“கடைசிக் காலத்துல அவளுக்கு யாரு கஞ்சி ஊத்துனா? அது எழுதியிருக்கா?” என்று சுகந்தி கேட்டாள்.

அடக்கப் பதிவேட்டில் வயது அறுபத்திரண்டு, இருமல் என்று மட்டும்தான் இருந்தது. வேறு ஒன்றும் இல்லை என்று பெலிசிட்டா சொன்னாள்.

ஆணையத்தின் மாவட்டச் சிறப்பு அதிகாரி மகிழ்வேந்தன் நாற்பது வயது தாண்டாதவர். எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும் வரை காத்திருக்கத் தெரிந்தவர். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து கேட்டார். நல்ல கேள்விகளாகக் கேட்டார். எந்த வயதுக்காரர்கள் அதிகம் பிள்ளைகளை எடுத்து வளர்த்தார்கள், சொந்தக்காரப் பிள்ளைகளா அந்நியப் பிள்ளைகளா, உடல்நலம் எப்படி என்றெல்லாம் குறித்துக்கொண்டார். கடைசியில், “இத நாங்க யோசிக்கவே இல்ல மேடம். ரொம்பப் பெரிய தப்பு பண்ண இருந்தோம்” என்றார். பெலிசிட்டா பஸ்ஸில் திரும்பி வரும்போது சிறுவயதில் கேட்ட ஏதோ ஒரு மெட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

ஆறு வாரம் கழித்துத் திருத்திய பட்டியல் ஒட்டினார்கள். ‘முடிஞ்ச கிளை’ என்ற சொல் போயிருந்தது. புதிதாகத் ‘துணைத்தகுதி’ என்று ஒரு கட்டம் வந்திருந்தது. பிள்ளை இல்லாத இருநூற்று அறுபது பேரில், ஐம்பதிலிருந்து அறுபத்தைந்து வயதுக்குள் இருந்த, உடம்பு திடமாக இருந்த எண்பத்தேழு பேருக்கு அதில் நல்ல எண்கள் போட்டிருந்தார்கள். ஒவ்வொருவரையும் புதுத்துறையில் துணை தேவைப்படும் ஒரு குடும்பத்துக்கு ஒதுக்கியிருந்தார்கள். டெல்பினுக்கு எழுபத்து நான்கு என்ற எண். அவளுக்கு ஒதுக்கிய வீடு, வடக்குத் தெரு ரெக்ஸனுடையது. நான்கு பிள்ளைகள், தாய் இல்லை. சுகந்திக்கு வயதும் பார்வைக் குறைபாடும் காரணமாகச் சைபர். அவளுக்குச் செம்மண்காடு.

டெல்பின் மறுபடியும் அதே ஜன்னலுக்கு வந்தாள். இந்தத் தடவை உள்ளே வந்து உட்காரும்படி பெலிசிட்டா கெஞ்சியும் அவள் வரவில்லை.

“நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீங்க பெலிசி. அது எனக்குத் தெரியும்” என்றாள். “அந்தப் பழைய சைபரையே போட்டுக் குடுத்துருங்க. நாங்க ரெண்டு பேரும் ஒரு கொட்டகையில கெடந்துட்டுப் போறோம்.”

பெலிசிட்டா அன்றே மாவட்ட அலுவலகத்துக்கு ஓடினாள். மகிழ்வேந்தன் அவளை எதிர்பார்த்திருந்தவர் போலத்தான் எழுந்து நின்றார். டெல்பினையும் சுகந்தியையும் ஒரே குடும்பமாக எடுத்துக்கொண்டு இரண்டு பேரையும் ஒரே இடத்துக்கு அனுப்ப முடியாதா என்று கேட்டாள். எங்கே வேண்டுமானாலும் சரி, முகாமானாலும் சரி.

“குடும்பம்னு சேர்க்கணும்னா ரத்த சம்பந்தம் இருக்கணும் மேடம். இல்லன்னா கல்யாணப் பதிவு இருக்கணும். இவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல எதுவுமே இல்லையே.”

“முப்பத்திரண்டு வருஷம் இருக்கு.”

“அதுக்கு எங்ககிட்ட கட்டம் இல்ல.”

டெல்பின் மறுத்தால் என்ன ஆகும் என்று கேட்டாள். மறுப்பவரும் அவர் முகவரியில் இருப்பவரும் இரண்டு பட்டியலில் இருந்தும் நீக்கப்படுவார்கள் என்றார். அப்படி நீங்கினால் சுகந்திக்கு மாதாமாதம் முகாம் மருத்துவமனையில் கொடுக்கும் கண் மருந்தும் இல்லை. அவர் குரலில் அதட்டல் இல்லை. மேசைமேல் இருந்த ஒரு கோப்பைத் திறந்து, ரெக்ஸன் வீட்டுப் பிள்ளைகளின் படத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார். மூத்தவளுக்குப் பதினொன்று. கடைக்குட்டிக்கு இரண்டு வயதுகூட நிரம்பவில்லை.

“இவங்க அம்மா போன வருஷம் போயிட்டாங்க. அப்பா வாரத்துல ஆறு நாள் வெளியில. ஒரு ஆள் கூட இருந்தா இந்தப் பிள்ளைங்க பொழைச்சுக்கும்னு நீங்கதான் நிரூபிச்சீங்க. இப்ப அந்த ஆள எடுத்துரணும்னு சொல்றீங்க. இவங்ககிட்ட நான் என்ன மேடம் சொல்றது?”

அந்தக் கண்டுபிடிப்பே தப்பு என்று ஆகிவிட்டால் மட்டும் பழைய பட்டியலுக்குப் போகலாம் என்றார் அவர். அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

பதினோரு நாள் யோசித்தாள். வாழ்க்கையில் ஒரு இலக்கத்தைக்கூட அவள் தனக்கு வசதியாக மாற்றியதில்லை. கூடப் படித்தவர்கள் புருஷன், பிள்ளை, வீடு என்று சொல்லிக்கொள்ளும் இடத்தில் அவளிடம் இருந்தது அது ஒன்றுதான். பன்னிரண்டாம் நாள் கடிதம் எழுதினாள். ஓரக் குறிப்புகளைத் தான் தவறாகப் படித்துவிட்டதாகவும், ‘இன்னாசியாள் வீட்டில்’ என்பது ஒரு ஆளைக் குறிக்காமல் ஊரில் ஒரு பகுதியைக் குறித்திருக்கலாம் என்றும், ஆகவே துணைத்தகுதி பற்றிய முடிவை முழுவதும் திரும்பப் பெற்றுக்கொள்வதாகவும் எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். அனுப்பிய அன்று ஐஸ் பேக்டரி வீட்டில் நன்றாகச் சாப்பிட்டாள். இருவரிடமும் பயப்பட வேண்டாம் என்று சொன்னாள். டெல்பின் நம்பினாள். கட்டி வைத்திருந்த துணி மூட்டையைக்கூட அவிழ்த்துவிட்டாள்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. ஆணையம் மூன்று நிபுணர்களை வைத்து எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்த்திருந்தது. சாமியாரின் கையெழுத்தை ஒப்பிட்டிருந்தார்கள். இன்னாசியாள் என்ற பெயரில் ஊரில் எந்தப் பகுதியும் இருந்ததில்லை என்பதை நிலப்பதிவுகளில் இருந்து காட்டியிருந்தார்கள். வேறு ஆறு ஊர்களின் பதிவேடுகளிலும் அதே முடிவு வந்திருந்தது. சொல்லப்போனால் அவள் கொஞ்சம் குறைத்தே மதிப்பிட்டிருந்தாள். தங்களுடைய முதல் முடிவு முற்றிலும் சரியானது, அதற்கு ஆணையத்தின் பாராட்டுகள், இடைவிடாத உழைப்பின் களைப்பில் எழுதப்பட்டதாகத் தோன்றும் இரண்டாவது கடிதத்தை நாங்கள் பொருட்படுத்தவில்லை என்று முடித்திருந்தார்கள்.

பெலிசிட்டா மூன்று தடவை படித்தாள். அவர்கள் செய்திருந்த வேலையில் ஒரு பிழைகூட இல்லை. வேறு யாராவது அப்படி ஒரு கடிதம் எழுதியிருந்தால் அவளும் அப்படித்தான் சரிபார்த்திருப்பாள். கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, நேரே ஐஸ் பேக்டரி வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். டெல்பின் துணியை மறுபடி மூட்டை கட்ட ஆரம்பித்தாள். சுகந்திதான் பேசினாள். போகச் சொன்னாள். பிள்ளைகள் இருக்கிற வீடு, நாலு பேர் குரல் கேட்கும், போ என்றாள். அதை அவள் இரண்டு மூன்று தடவை சொன்னாள்.

புதுத்துறைக்கும் செம்மண்காட்டுக்கும் போகிற இரண்டு பஸ்களும் ஒரே காலையில் கோயில் முற்றத்தில் நின்றன. பெலிசிட்டா அதற்குள் சென்னை வேலையை விட்டுவிடுவதாக எழுதிக்கொடுத்திருந்தாள். செம்மண்காடு முகாமில் பெயர்ப் பதிவு எழுதுகிறவளாகத் தன்னைச் சேர்த்துக்கொள்ளும்படி விண்ணப்பித்திருந்தாள். அந்த வேலைக்கு வேறு யாரும் விண்ணப்பிக்கவில்லை. டெல்பின் அவளைத் தனியாக அழைத்துக்கொண்டு போய், மதில் ஓரமாக நின்று சொல்லவேண்டியதையெல்லாம் சொன்னாள். கண் மருந்து காலை மாலை, இரண்டு சொட்டுக்கு நடுவில் ஐந்து நிமிஷம். நடக்கும்போது அவள் கையைப் பிடிக்கக் கூடாது, அவள் உங்கள் முழங்கையைப் பிடிக்க விட வேண்டும். பொருளை இடம் மாற்றி வைத்தால் கோபம் வரும்.

“பாக்கத சொல்லிட்டே இருக்கணும் பெலிசி. நீங்க பேசமாட்டீங்க. பழகிக்கிடுங்க.”

பிறகு டெல்பின் பஸ்ஸில் ஏறியிருந்த சுகந்தியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அடுத்த பஸ்ஸின் ஓட்டுநர் மூன்று தடவை ஹாரன் அடிக்கும் வரை உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று பெலிசிட்டாவுக்குத் தெரியாது. அவள் கீழேயே நின்றாள்.

செம்மண்காட்டில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை மரம் இல்லை. நீண்ட தகரக் கொட்டகை, ஒன்றில் நாற்பது கட்டில். சுகந்தி அவளிடம் கோபப்படவில்லை. எதைச் செய்தாலும் “நல்லதும்மா” என்றாள். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுகிற மாதிரி அந்த ஒரு சொல்தான். பெலிசிட்டா, சொல்லிக்கொடுத்தபடி, பார்ப்பதையெல்லாம் சொல்ல முயன்றாள். அது அறிக்கை வாசிப்பது போல இருந்தது. வானம் மேகமூட்டம். எதிர்க் கட்டிலில் ஒருவர் படுத்திருக்கிறார். தட்டில் சோறும் சாம்பாரும் இருக்கின்றன. சுகந்தி மறுகேள்வி கேட்கவில்லை. பெலிசிட்டாவுக்குச் சொல்ல வேறு ஒன்றும் கிடைக்கவில்லை. நாற்பது கட்டிலுக்கு நடுவில், சென்னைக் குடியிருப்பின் அந்தச் சனிக்கிழமைகளைவிடப் பெரிய மௌனமாக இருந்தது.

டெல்பின் முதலில் தினமும் கூப்பிட்டாள். சுகந்தி கைப்பேசியை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டு, அரைமணி நேரம், ஒரு மணி நேரம் கேட்பாள். பின்னால் பிள்ளைகளின் சத்தம் வரும். பிறகு அது ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்றானது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்குட்டிக்குக் காய்ச்சல் என்று கூப்பிடவில்லை. மறுநாள் பெலிசிட்டாவை அழைத்து, “பிள்ளைங்க ஒட்டிக்கிச்சு பெலிசி. நான் என்ன செய்ய” என்று சொல்லி அழுதாள். அதைச் சுகந்தியிடம் சொல்ல வேண்டாம் என்றாள். பெலிசிட்டா சொல்லவில்லை.

வருஷக் கடைசியில் ஆணையத்தின் அறிக்கை வந்தது. புதுத்துறையில் துணையாள் இருந்த எண்பத்தேழு வீடுகளிலும் ஒரு பிள்ளைகூடப் பள்ளியை விட்டு நிற்கவில்லை. ஒரு வீடுகூடக் காலியாகவில்லை. மீதி இருபத்தைந்து ஊர்களுக்கும் அதே முறை என்று முடிவாகியிருந்தது. அறிக்கையின் முதல் பக்கத்தில் பெலிசிட்டாவின் பெயர் இருந்தது. முகாம் அலுவலகத்தில் அதைப் பார்த்துவிட்டு ஒரு குமாஸ்தா, இது நீங்களா என்று கேட்டார். பெயர் ஒன்றாக இருக்கிறது, அவ்வளவுதான் என்றாள்.

மூன்றாவது வருஷம் சுகந்தியின் இன்னொரு கண்ணும் போனது. டெல்பின் மாதம் ஒரு தடவை கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ரெக்ஸனின் மூத்த பெண்ணுக்கு வயது பதினான்கு, அவள்தான் எண்ணைப் போட்டுக் கொடுப்பாள். பேசுவதற்கு இரண்டு பக்கமும் விஷயம் குறைந்துவிட்டது. ஒருத்திக்குத் தெரிந்த ஆட்களை இன்னொருத்திக்குத் தெரியாது.

ஐப்பசியில் ஒரு முற்பகல். பெலிசிட்டா கொட்டகை வாசலில் உட்கார்ந்து பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சுகந்தி பின்னால் கட்டிலில் சாய்ந்திருந்தாள். தூங்குகிறாள் என்று பெலிசிட்டா நினைத்திருந்தாள். மண்வாடை லேசாக வந்தது.

“டெல்பின், மழை வருதா பாரு.”

பெலிசிட்டா திரும்பிப் பார்த்தாள். சுகந்தியின் முகத்தில் தூக்கம் இல்லை, கலக்கமும் இல்லை. பதிலுக்குக் காத்திருக்கிற முகம். அக்கா, நான் பெலிசிட்டா என்ற வார்த்தைகள் தொண்டை வரை வந்தன. அப்படிச் சொன்னால் “நல்லதும்மா” என்று பதில் வரும் என்று அவளுக்குத் தெரிந்தது.

அவள் தலையை நிமிர்த்தி வானத்தைப் பார்த்தாள்.

“இன்னும் இல்ல. மேக்கால கருத்துட்டு வருது, கத்திரிக்கா மாதிரி. வெள்ளாட்டுக்காரரு ஆட்ட ஓட்டிட்டு ஓடுதாரு. இப்ப வந்துரும்” என்றாள்.

“கத்திரிக்காயில எது? வெள்ளக் கோடு போட்டதா, முழுக் கருப்பா?” என்று சுகந்தி கேட்டாள்.

முழுக் கருப்பு என்று பெலிசிட்டா சொன்னாள். சுகந்தி தலையாட்டிவிட்டு, கொடியில் கிடக்கும் துணிகளை எடுத்துவரச் சொன்னாள். பெலிசிட்டா முறத்தை உள்ளே வைத்துவிட்டுப் போய் எடுத்துவந்தாள்.